விராலிமலைச் சுருட்டும் நால்வகை நூல்களும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்துக்கான சொற்பொழிவு)



புத்தகம் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் உத்தியோகஸ்தர்களுக்குமே உரியது என்னும் எண்ணம் கிராமங்களில் இன்னும் நீங்கியபாடில்லை. உழவு, கால்நடை, கடன், தவணை என்னும் கவலைகளுக்கு நடுவே புத்தகத்துக்கு நேரம் ஏது என்று கேட்பவர் பலர். அக்கேள்வி நியாயமானதே. ஆயினும், வாசியாத ஒருவர் பிறர் வாசித்துச் சொன்னதையே நம்பி நடக்க நேரிடுகின்றது. உர மூட்டையின்மேல் உள்ள எழுத்தும், கடன் பத்திரத்தின் வாசகமும், சங்கத்துப் பேரேட்டில் தம் பெயருக்கு நேரே நிற்கும் தொகையும் பிறர் வாயாலேயே அவருக்குத் தெரியவேண்டியவை ஆகின்றன. சொல்பவர் நல்லவராயின் பிழைப்பார்; அல்லராயின் இழப்பார். ஆகையால் வாசிப்பு கைப்பொருளைக் காக்கும் காவலுமாகும்.

வாசிக்கத் தெரிந்தவர்க்கும் ஓர் இடர் உண்டு. அச்சில் வந்தவை யாவும் ஒரே தன்மையான உண்மை என்று கொள்வதே அது. சாஸ்திர நூல், சரித்திர நூல், தொழில் நூல், பக்தி நூல் என்னும் நான்கையும் ஒரே விதமாய் வாசிப்பவர், ஒன்றில் தேடவேண்டியதை மற்றொன்றில் தேடி ஏமாற்றம் அடைவர். அல்லது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் பொய் என்று தள்ளுவர். ஒவ்வொரு வகை நூலையும் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இதற்கு விராலிமலையிலேயே தக்கதோர் உதாரணம் உண்டு.

விராலிமலைக் குன்றின்மேல் ஆறுமுகப் பெருமான் வள்ளி தேவசேனையோடு மயில்மீது எழுந்தருளியிருக்கின்றார். சுற்றிலும் மயில்கள் உலவும் அம்மலைக்கோயிலில் ஸ்வாமிக்குச் சுருட்டு நிவேதனம் செய்யும் வழக்கம் உண்டு. அதன் காரணமாக வழங்கும் கதை பின்வருமாறு. கருப்பமுத்துப் பிள்ளை என்ற அடியவர் தவறாமல் மலைக்கு வந்து ஸ்வாமி தரிசனம் செய்பவர். ஒரு நாள் பெருமழை பெய்து காட்டாறு கரைபுரண்டு ஓடிற்று. ஆற்றைக் கடக்க இயலாமல், பசியோடும் குளிரோடும், கையில் சுருட்டும் இல்லாமல் அவர் தவித்து நின்றார். அப்போது முன்பின் அறியாத ஒருவர் தோன்றி, சுருட்டும் நெருப்பும் கொடுத்து, வழிகாட்டி அழைத்துச் சென்று கோயிலில் சேர்ப்பித்து மறைந்தார். வந்தவர் முருகனே என்று உணர்ந்த அடியவர் அன்றுமுதல் சுருட்டைப் படைக்கலானார். பிற்காலத்தில் புதுக்கோட்டை மன்னர் ஒருவர் இவ்வழக்கம் தகாது என்று நிறுத்தியதாகவும், ஸ்வாமி அவர் கனவில் தோன்றி, இது புகைபிடிப்பதை வளர்ப்பதற்கு அன்று, இடரில் நிற்பவனுக்கு உதவும் குணத்தை வளர்ப்பதற்கே என்று உணர்த்தியதாகவும், வழக்கம் மீண்டும் நடைபெற்றதாகவும் சொல்வர்.

இக்கதையை அறிந்த ஒரு வாசகர், நான்கு நூல்களைக் கையில் கொண்டு மலையடிவாரத்தில் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நூலும் அந்தச் சுருட்டைப் பற்றி யாது சொல்லும்?

சாஸ்திர நூல்

முதலாவது, வைத்திய சாஸ்திர நூல். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழில் எழுத முடியாது என்று கருதியவர் ஒரு காலத்தில் பலர். 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியராகிய ஸாமுவேல் பிஸ்க் கிரீன் அக்கருத்தைப் பொய்யாக்கினார். மானிப்பாயில் தமிழ் மாணாக்கர்க்குத் தமிழிலேயே வைத்தியம் போதித்தார். ‘இரண வைத்தியம்’ 1867-ஆம் ஆண்டிலும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அந்நூல்களின் சொற்கள் பல இன்று வழக்கொழிந்தன. அங்காதிபாதம் என்பதை இன்று உடற்கூறியல் என்கின்றனர். ஆனாலும் தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் தம் உடலின் உள்ளமைப்பைத் தம் மொழியிலேயே கற்கலாம் என்னும் துணிவை அவை தந்தன.

புகையிலையைப் பற்றிய சாஸ்திர உண்மை எவ்வாறு நிலைபெற்றது என்பது எல்லாரும் அறியத்தக்கது. “என் பாட்டனார் தொண்ணூறு வயது வரையில் சுருட்டுக் குடித்தார், அவருக்கு ஒன்றும் நேரவில்லை” என்று திண்ணையில் சொல்வதுண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சாஸ்திரம் ஒரு பாட்டனாரோடு நிற்பதில்லை. பலரை எண்ணி ஒப்பிடுகின்றது. 1950-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் டால், பிராட்போர்டு ஹில் என்னும் இருவர் லண்டன் ஆஸ்பத்திரிகளில் நடத்திய ஆராய்ச்சியை வெளியிட்டனர். நுரையீரல் புற்றுநோய் கண்ட ஆண்கள் 649 பேரை விசாரித்ததில் புகைபிடியாதவர் 2 பேரே. அதே வயதினராய், அந்நோய் இல்லாத 649 பேரை விசாரித்ததில் புகைபிடியாதவர் 27 பேர். மிகுதியாகப் புகைபிடிப்போர் நோயாளிகளிடையே மிகுந்திருந்தனர். இது போதாதென்று 1951-ஆம் ஆண்டு முதல் பிரிட்டிஷ் வைத்தியர்களையே ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். இடைவிடாது சிகரெட் பிடித்தவர்கள், புகைபிடியாதவர்களைக் காட்டிலும் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக மாண்டனர் என்பது அதனால் விளங்கிற்று. சுருட்டுப் புகையும் வாயில் மெல்லும் புகையிலையும் வாய், தொண்டை முதலிய இடங்களில் புற்றுநோயை விளைவிக்கும் என்பதும் பிற ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று.

இவ்விஷயத்தில் புதுக்கோட்டைக்கு ஒரு தனிப்பெருமை உண்டு. 1886-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்து, மன்னர் கல்லூரியில் பயின்று, சென்னை வைத்தியக் கல்லூரியில் 1912-ஆம் ஆண்டில் தேறிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கை புற்றுநோயால் இறந்த துயரத்தை மறவாமல், 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை நிறுவினார்.

சாஸ்திர நூலைக் கேட்கவேண்டிய கேள்வி: “இதை எப்படிக் கண்டீர்? எத்தனை பேரைப் பார்த்தீர்? எவரோடு ஒப்பிட்டீர்?” என்பதே. இதற்கு விடை கூறாத நூல் எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தாலும் சாஸ்திர நூல் ஆகாது. பூச்சிமருந்து விற்பவரின் துண்டுப்பிரசுரத்தையும் இக்கேள்வியால் சோதித்தல் நலம்.

சரித்திர நூல்

இரண்டாவது, சரித்திர நூல். புதுக்கோட்டை ஸமஸ்தானத்தைப் போல் தன் கல்வெட்டுக்களைக் கருத்தோடு தொகுத்த சிறிய ராஜ்யங்கள் மிகச் சிலவே. 1916-ஆம் ஆண்டில் எஸ். ராதாகிருஷ்ண ஐயர் அதன் சரித்திரத்தை எழுதினார். 1929-ஆம் ஆண்டில் ஸமஸ்தானத்துக் கல்வெட்டுக்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை தொகுத்து அச்சிடப்பட்டன. கே. ஆர். வேங்கடராம ஐயர் பதிப்பித்த ஸமஸ்தான மானுவல் 1938 முதல் 1944 வரையில் பகுதி பகுதியாக வெளிவந்தது. 1948-ஆம் ஆண்டில் ஸமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்துவிட்டது, நூல்கள் நிலைத்திருக்கின்றன.

அந்நூல்களை வாசிப்பவர்க்கு உண்டாகும் முதல் வியப்பு, தாம் நாள்தோறும் கடந்து செல்லும் கல் பேசுகின்றது என்பதே. விராலிமலைக்கு அருகிலுள்ள கொடும்பாளூரில் மூவர்கோயில் இருக்கின்றது. இருக்குவேளிர் மரபினனாகிய பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் மூன்று விமானங்கள் எடுத்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது. இன்று நிற்பவை இரண்டே. மூன்றாவதன் அடிப்பகுதி மட்டும் எஞ்சியுள்ளது. கல்வெட்டு மூன்று என்கின்றது, கண் இரண்டைக் காண்கின்றது, தரையில் உள்ள அடித்தளம் கல்வெட்டு மெய் என்று சாட்சி சொல்கின்றது. அக்கோயில் எந்த ஆண்டில் எழுந்தது என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. அவர்கள் வேறுபடுவதை மறையாமல் கூறும் நூலே நல்ல சரித்திர நூல்.

சுருட்டைப் பற்றிச் சரித்திர நூல் சொல்வதும் சுவையானதே. புகையிலைச் செடி அமெரிக்காக் கண்டத்துக்கு உரியது. 1492-ஆம் ஆண்டில் கொலம்பஸ் அங்குச் சென்ற பிறகே அது மற்ற நாடுகளுக்குப் பரவிற்று. இந்தியாவுக்குப் போர்த்துகீசியரால் வந்தது. அக்பர் பாதுஷாவின் இறுதிக் காலத்தில், 1604-ஆம் ஆண்டை ஒட்டி, பிஜப்பூரிலிருந்து அவர் சபைக்கு அது புதுமைப் பொருளாகக் கொண்டுபோகப்பட்டது. 1617-ஆம் ஆண்டில் ஜஹாங்கீர் அதைத் தடுத்து உத்தரவிட்டார், உத்தரவு பலிக்கவில்லை. பின்னர் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு சீமை வரையில் புகழ்பெற்றது. சுருட்டு என்னும் தமிழ்ச் சொல்லே சிறிது திரிந்து ஆங்கிலத்தில் வழங்குகின்றது.

விராலிமலையைப் பாடிய அருணகிரிநாதரோ பதினைந்தாம் நூற்றாண்டினர். ஆகையால் அவர் காலத்தில் இம்மலையில் சுருட்டு நிவேதனம் இருந்திருக்க முடியாது. அது பின்னர்த் தோன்றிய வழக்கம் என்பது தெளிவு. இதைக் கேட்டு மனம் வருந்த வேண்டுவதில்லை. ஒரு வழக்கம் எப்போது தோன்றிற்று என்பதைச் சரித்திரம் கூறும்; அது தக்கதா தகாததா என்னும் தீர்ப்பு அதன் வேலையன்று. சரித்திர நூலைக் கேட்கவேண்டிய கேள்வி, “இதற்குச் சாட்சி எது? சாட்சி எந்தக் காலத்தது?” என்பதாகும்.

தொழில் நூல்

மூன்றாவது, தொழில் நூல். இது சுருட்டைவிட்டு, அடியவரைத் தடுத்து நிறுத்திய வெள்ளத்தைக் கவனிக்கும். “இவ்வளவு நீர் ஓடிப் போயிற்றே, எங்கே போயிற்று? ஏன் தேங்கவில்லை?” என்று கேட்கும். வற்றாத பேராறு இல்லாத புதுக்கோட்டைச் சீமையில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையைக் கண்மாயில் பிடித்தால் பயிர், விட்டால் பஞ்சம்.

பழைய கண்மாய்களில் குமிழித் தூம்பு என்பதைக் காணலாம். கண்மாயின் உட்புறத்தில் இரண்டு கற்றூண்கள் நிற்கும். அவற்றினிடையே தொட்டியொன்று அமைந்திருக்கும். தொட்டியின் மேற்புறத்தில் நீரோடித் துளையும், அடிமட்டத்தில் சேறோடித் துளையும் உண்டு. அடைப்பைத் தூக்கும்போது மேலிருந்து தெளிந்த நீரும் கீழிருந்து சேற்று நீரும் சேர்ந்து வயலுக்குப் பாயும். நீரும் கிடைத்தது, வண்டலும் எருவாயிற்று, கண்மாய் தூர்வதும் குறைந்தது. இதை நிறுவியவர் எந்தக் கலாசாலையிலும் பட்டம் பெற்றவர் அல்லர். தூம்பு அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்களைத் தாங்கிய கல்வெட்டுக்கள் இச்சீமையில் பல உள்ளன.

இக்கால நூல்கள் தூர் எடுப்பதன் பயனைக் கணக்கிட்டுக் காட்டுகின்றன. ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி ஆழம் வண்டல் எடுத்தால் 43,560 கன அடி இடம் கிடைக்கும். அதாவது ஏறக்குறைய 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர் நீர் கூடுதலாகத் தேங்கும். கணக்குச் சரியே. ஆனால் வாசிப்பவர் கணக்கோடு நின்றுவிடலாகாது. தம் கண்மாயைப் போய்ப் பார்க்க வேண்டும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் தேங்கும் நீர் மதகு வழியே வயலுக்கு வராது. அது கால்நடைக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவலாம். பாசனக் கணக்கில் சேராது. கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனப்பட்டு, வெள்ளம் வரும் நாளில் உடையும். மேலும், கலிங்கின் மட்டத்தை ஒரு ஊரார் தம் விருப்பம்போல் உயர்த்தினால், மேல்புறத்து வயல்கள் மூழ்கும், கீழ்க்கண்மாய்க்கு நீர் குறையும், கரைக்கும் ஆபத்து. ஆகையால் தொழில் நூலைக் கேட்கவேண்டிய கேள்வி: “இது இந்த மண்ணுக்குப் பொருந்துமா? செலவு எவ்வளவு? லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?” என்பதாம். இக்கேள்விக்கு விடை சொல்ல அந்தக் கண்மாயில் மடை திறக்கும் நீர்க்கட்டியின் வாய்மொழியும் தேவை. அவர் எழுத்தறியாதவராயினும் நூலாசிரியர் அறியாததை அறிந்தவர்.

பக்தி நூல்

நான்காவது, பக்தி நூல். திருப்புகழ்ப் பாடல்களில் விராலிமலைக்கு உரியவை பல உள்ளன. ஓலையிலும் ஓதுவோர் நினைவிலும் சிதறிக் கிடந்த அப்பாடல்களை வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை என்னும் ஜில்லா முன்சீப் ஊர் ஊராகத் தேடித் திரட்டி, 1894-ஆம் ஆண்டில் முதற் பாகத்தை அச்சேற்றினார். அவர் உழைத்திராவிடில் பல பாடல்கள் செல்லுக்கு இரையாகியிருக்கும். பக்தி நூல் ஒருவர் கைக்கு வருவதற்கும் பிறர் பலரின் தொண்டு காரணமாகின்றது.

அருணகிரிநாதர் விராலிமலைக்கு வந்ததைப் பற்றியும் ஒரு கதை உண்டு. வயலூரில் இருந்த அவரை விராலிமலைக்கு வருமாறு முருகன் பணித்தான் என்றும், வழி அறியாது திகைத்தபோது வேடன் வடிவில் தானே முன்வந்து வழிகாட்டினான் என்றும் கூறுவர். இக்கதையையும் சுருட்டுக் கதையையும் அடுத்தடுத்து நினைப்பவர்க்கு ஒன்று புலப்படும். இரண்டிலும் ஒருவர் நடுவழியில் தவிக்கின்றார். இரண்டிலும் அறிமுகமில்லாத ஒருவர், கைம்மாறு கருதாமல், வேண்டுவதைக் கொடுத்து வழிகாட்டுகின்றார். இந்த மலையின் உபதேசம் அதுவே. வேடனைத் தெய்வமாகக் கண்டவர், வழியில் எதிர்ப்படும் எந்த எளியவனையும் இழிவாக எண்ண மாட்டார்.

பக்தி நூலை, “இது எந்த ஆண்டில் நடந்தது? எத்தனை பேர் சோதித்தனர்?” என்று கேட்பவர் வெறுங்கையோடு திரும்புவர். “இதை நம்புகிறவன் எப்படி வாழவேண்டும்?” என்று கேட்பவர்க்கே அது விடை கூறும். அவ்வாறே, பக்தியின் பெயரால் சாஸ்திரத்தை மறுப்பதும் பொருந்தாது. ஸ்வாமிக்குச் சுருட்டுப் படைப்பதால் சுருட்டுக் குடிப்பது உடலுக்கு நன்மை என்று ஒருவர் வாதிப்பாராயின், அவர் வைத்திய நூலையும் அறியவில்லை. மன்னரின் கனவில் ஸ்வாமி உணர்த்தியதாகக் கூறும் தம் ஊர்க் கதையையும் அறியவில்லை. அக்கதையே அந்த வாதத்தை மறுத்துவிட்டதன்றோ? நான்கு நூல்களும் இவ்விடத்தில் சண்டையிடவில்லை. ஒன்று உடலைக் காக்கச் சொல்கின்றது. ஒன்று வழக்கத்தின் வயதைச் சொல்கின்றது. ஒன்று வெள்ளத்தைத் தேக்கச் சொல்கின்றது. ஒன்று அயலானுக்கு உதவச் சொல்கின்றது.

சங்கமும் புத்தகப் பெட்டியும்

இவையெல்லாம் கூட்டுறவுச் சங்கத்துக்கு எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களில் பலர் நெசவாளர். உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அதுவே வழிகாட்டியாயிற்று. வெண்ணெயும் மாவும் விற்ற அக்கடையில் சில ஆண்டுகளுக்குள் வாசகசாலையும் புத்தகசாலையும் ஏற்பட்டன. உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென்று ஒதுக்கினர். அங்கத்தினர் அறியாமையில் இருந்தால் சங்கம் ஒரு சிலர் கையில் சிக்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். இந்தியாவில் 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே அக்காலச் செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் சங்கம் ஏற்பட்டது. அந்நாளில் ஐக்கிய நாணய சங்கம் என்று பெயர் பெற்ற அவை கடனைக் கொடுத்து வாங்கக் கற்றுக்கொடுத்தன. நூலைக் கொடுத்து வாங்கும் பழக்கம் அந்த அளவு வேரூன்றவில்லை.

அதற்கும் தமிழ்நாட்டில் முன்மாதிரி உண்டு. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாளில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால், மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகச் செல்லும் நூல்நிலையம் தொடங்கிற்று. 1948-ஆம் ஆண்டில் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. ஆகவே வழி புதிதன்று, நடப்பவரே வேண்டும்.

விராலிமலை வட்டாரத்துச் சங்கம் ஒவ்வொன்றும் ஒரு புத்தகப் பெட்டி வைத்துக்கொள்வது அரிய காரியமன்று. முதலில் நான்கு வகையிலும் நான்கு நான்கு நூல்கள் இருந்தால் போதும். மாதத்தில் இரண்டு மாலைகள், விளக்கு வைத்த பின், ஒருவர் உரக்க வாசிக்கப் பிறர் கேட்கலாம். வாசிப்பவர் பள்ளியில் படிக்கும் பெண்ணாக இருப்பினும் சரியே. ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் அந்த நூலுக்குரிய கேள்வியை எழுத்தறியாத அங்கத்தினரே முதலில் கேட்கவேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். நூல் வாங்கியவர் பெயரும் திருப்பிக் கொடுத்த நாளும் கடன் பேரேட்டைப் போலவே ஒரு நோட்டில் பதியப்பட வேண்டும். கடனைத் திருப்பியவர்க்கு மேலும் கடன் கிடைப்பதுபோல், நூலைத் திருப்பியவர்க்கு அடுத்த நூல் கிடைக்கும்.

இவ்வாறு கேட்டுப் பழகிய அங்கத்தினர், ஒரு நாள் சங்கத்தின் பேரேட்டையும் கையில் எடுப்பர். “இத்தொகைக்குச் சாட்சி எது? எப்படிக் கணக்கிட்டீர்? லாபம் யாருக்கு?” என்று அவர்கள் வினவும்போது, நேர்மையான காரியதரிசி மகிழ்வார், மற்றவர் அஞ்சுவார். தவணை தவறிய எளியவரின் பெயரைக் காணும்போது, ஆற்றங்கரையில் நின்ற அடியவரையும் அவர்கள் நினைப்பார்களாயின், கணக்கும் கருணையும் அச்சங்கத்தில் ஒருங்கே விளங்கும். அத்தகைய சங்கத்தில் கைந்நாட்டு இடுபவரும் தாம் எதற்கு நாட்டு இடுகின்றார் என்பதை அறிந்தே இடுவார்.